பவர் பார்ப்பது வேறு, கண் பார்ப்பது வேறு

திருச்சி கே.கே. நகர், காஜாமலை, சுப்பிரமணியபுரம், செம்பட்டு என்று விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் இன்று கண்ணாடிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. 'இலவச கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்ற பலகையை நம்மில் பார்க்காதவர் இருக்க முடியாது. வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வரும் சகோதரர்கள் திரும்பிப் போவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளில் கண்ணாடி மாற்றுவதும் ஒன்று. அங்கே ஆகும் செலவை நினைத்தால் இங்கேயே இரண்டு கண்ணாடியாகப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றும். பத்து நிமிடத்தில் பவர் பார்த்து, ஃபிரேம் தேர்ந்தெடுத்து, இரண்டு நாளில் கண்ணாடி கைக்கு வந்துவிடும். கண் சம்பந்தமான வேலை முடிந்தது என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்தது கண்ணின் பவரை மட்டும்தான். கண் நலமாக இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாமும் கேட்கவில்லை. கடைசி வரி எழுத்தைத் தடையின்றி வாசிக்கும் ஒருவரின் விழித்திரையில் சர்க்கரை நோய் வேலை செய்யத் தொடங்கியிருக்கலாம். கண்ணின் உள் அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கலாம். இரண்டுமே வலிக்காது, உறுத்தாது. பார்வை மங்கி நாமே உணரும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

அதற்காகப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கண் பரிசோதனை நிலையத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. முறையாகப் படித்தவர் நடத்தும் நிலையம் என்றால் பவரைத் தாண்டிப் பல சோதனைகளை அங்கேயே செய்துகொள்ள முடியும். எதை அங்கே பார்க்கலாம், எதற்கு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பேர், மூன்று வேலை

வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லோரையும் 'டாக்டர்' என்று கூப்பிடுவது நம் வழக்கம். கண் விஷயத்தில் மூன்று வகையினர் இருக்கிறார்கள். கண் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் கண் மருத்துவத்தில் பட்டமோ பட்டயமோ பெற்றவர். நோய்க்கு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாம் அவர் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு படித்தவர். அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. பவரைத் துல்லியமாகக் கணிப்பது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, கண்ணின் முன்பகுதியையும் பின்பகுதியையும் பார்த்து நோய்க்கான அறிகுறி இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவது அவர் பணி. அறுவை சிகிச்சை செய்யமாட்டார். மூன்றாமவர் ஆப்டீஷியன். எழுதிக் கொடுத்த சீட்டின்படி லென்ஸை வெட்டி, ஃபிரேமில் பொருத்தி, முகத்துக்குச் சரிசெய்து கொடுப்பவர்.

ஆப்டோமெட்ரி என்ற படிப்பு நமக்குப் புதிதாகத் தெரிந்தாலும் தமிழகத்துக்குப் புதிதல்ல. சென்னை சங்கர நேத்ராலயா இதற்கென்றே 1985-ல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கியது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் இடம்பெற்றுள்ளனர். ஆகவே கடையில் உட்கார்ந்து பரிசோதிப்பவரிடம் 'நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?' என்று கேட்பதில் தவறில்லை. படித்தவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். பல கடைகளில் அனுபவத்தால் பவர் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களே இருக்கிறார்கள். கண்ணாடி போடுவதில் கைதேர்ந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் விழித்திரையைப் பார்த்துச் சொல்வது அவர்களால் ஆகாது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

தாடையை வைத்து, உள்ளே தெரியும் பலூனையோ வீட்டையோ பார்க்கச் சொல்வார்களே, அந்தக் கருவிதான் 'கம்ப்யூட்டர்'. அது தரும் எண் ஒரு தொடக்கம் மட்டுமே. சிறுவர்களின் கண் கருவிக்குள் பார்க்கும்போது இறுகிக்கொள்வதால் இல்லாத மைனஸ் பவரைக்கூட அது காட்டிவிடும். அந்த எண்ணை அப்படியே எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது அரைவேலை. அதற்குப் பிறகு சோதனைக் கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, 'இது தெளிவா, அது தெளிவா' என்று பொறுமையாகக் கேட்டு முடிவு செய்வதே சரியான முறை. இதற்கு ஒரு கண்ணுக்கு ஐந்து நிமிடமாவது பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

எழுத்துப் பலகை 6 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். சிறிய கடைகளில் 3 மீட்டரில் கண்ணாடியை மாட்டி, அதில் எதிரொளிக்கும் பலகையை வாசிக்கச் சொல்வார்கள், கணக்கு ஒன்றுதான். சீட்டில் 6/6 என்று எழுதினால் 6 மீட்டரில் தெரிய வேண்டியது 6 மீட்டரில் தெரிகிறது என்று பொருள். 6/60 என்றால் மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து வாசிக்கும் எழுத்தை நாம் 6 மீட்டருக்கு வந்தால்தான் வாசிக்கிறோம். கண்ணாடி போட்ட பிறகும் 6/6 வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கட்டாயம் கேட்க வேண்டும். 'வயசாயிடுச்சு, இவ்வளவுதான்' என்பது பதிலே அல்ல. புரையோ, விழித்திரைக் கோளாறோ, சிறுவயதிலிருந்தே வந்த சோம்பேறிக் கண்ணோ, ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

பவர் பார்த்தபின் நல்ல நிலையத்தில் இன்னும் சில சோதனைகள் இருக்கும். ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கியில் கருவிழி, லென்ஸ் எல்லாம் பெரிதாகத் தெரியும். புரை தொடங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கண்ணில் 'புஸ்' என்று காற்றை ஊதி அழுத்தம் பார்ப்பார்கள். பொதுவாக 10 முதல் 21 வரை இருப்பது இயல்பு என்று கொள்கிறார்கள். நிறக்குருடு இருக்கிறதா என்று புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்கள். எலக்ட்ரீஷியன், ஓட்டுநர், ரயில்வே வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பு முடியும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. துபாயில் ஓட்டுநர் உரிமம் எடுக்கவும் கண் பரிசோதனை கட்டாயம் என்பது அங்கிருக்கும் சகோதரர்களுக்குத் தெரியும்.

கடைசியாக விழித்திரை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு, கால் மணி, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்துவிட்டு உள்ளே பார்ப்பார்கள். சில நிலையங்களில் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவே இருக்கிறது. அந்தப் படத்தைக் கண் மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் தொடங்கிய பார்வை மையங்கள் இந்த வழியில்தான் நடக்கின்றன: பரிசோதிப்பவர் ஊரில், மருத்துவர் வீடியோவின் மறுமுனையில். மருந்து போட்டால் நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். ஆகவே பைக்கில் தனியாகப் போகக் கூடாது. யாராவது ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

பலகையில் 'இலவசம்' என்று போட்டிருக்கும் பரிசோதனையில் இவ்வளவும் இருக்காது; இருக்கவும் முடியாது. பரிசோதனைக்குக் காசு வாங்காதவர் கண்ணாடியில்தான் வருமானம் பார்க்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு முழுமையாகப் பார்ப்பவரிடம் போவது நமக்கு லாபமே.

சர்க்கரை உள்ளவர்கள்

நம் வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய இருவரில் ஒருவருக்காவது சர்க்கரை இருப்பது போலத்தான் தெரிகிறது. பிரியாணியைக் குறை சொல்லி என்ன செய்வது! 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்னையில் நடந்த பெரிய ஆய்வுகள் சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 18 பேர் அளவில் விழித்திரைப் பாதிப்பு இருப்பதைக் காட்டின. ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்ன நடக்கிறது? விழித்திரையில் முடியை விட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியிருந்தால் அவற்றின் சுவர் பலவீனமாகி, அங்கங்கே புடைத்து, கசிகிறது. கசிவு பார்வையின் மையப்பகுதியில் தேங்கினால் எழுத்து மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். சில குழாய்கள் அடைபட்டுப் போகும். இரத்தம் கிடைக்காத பகுதி புதிய குழாய்களை முளைக்க வைக்கும். அவை உறுதியற்றவை; ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். அன்றுதான் 'திடீர்னு கண்ணு தெரியல' என்று ஓடுகிறோம். உண்மையில் அது திடீரென்று வந்ததல்ல. பல ஆண்டுகள் அமைதியாக நடந்த வேலை.

அந்த அமைதியான காலத்தில் கண்டுபிடித்தால் லேசராலோ கண்ணுக்குள் போடும் ஊசியாலோ கட்டுப்படுத்த முடியும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த உடனேயே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை மருந்து போட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ உலகின் பொதுவான அறிவுரை. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்திற்குள் பார்த்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமாகக் கூடலாம். பார்வை நன்றாக இருக்கிறதே என்பது பார்க்காமல் இருக்கக் காரணமல்ல.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சர்க்கரை ஏறும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்துக்கொள்வதால் பவரே மாறும். அந்த வாரத்தில் போய்க் கண்ணாடி போட்டால், மாத்திரை சாப்பிட்டுச் சர்க்கரை இறங்கிய பிறகு அந்தக் கண்ணாடி பொருந்தாது. கடைக்காரர் தப்பாகப் பார்த்துவிட்டார் என்று சண்டைக்குப் போவோம். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகு பவர் பார்ப்பதே சரி. 'சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்காமல் ஐம்பது வயதுக்காரருக்குப் பவர் எழுதும் நிலையத்தை நாம் கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும்.

அழுத்த நோய்

குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் சர்க்கரைப் பாதிப்பைவிடத் தந்திரமானது. பார்வையின் ஓரங்களை முதலில் தின்னும். நடுப்பார்வை கடைசி வரை இருப்பதால் பேப்பர் படிப்போம், ஆளை அடையாளம் காண்போம். வாசல்படியில் இடறுவதும் பக்கவாட்டில் வரும் ஆட்டோ தெரியாமல் போவதும் கவனக்குறைவு என்று நினைப்போம். போன பார்வை எந்தச் சிகிச்சையாலும் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவே. தமிழகத்தில் நடந்த பெரிய கணக்கெடுப்புகளில் இந்நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், அந்த ஆய்வில் பார்க்கும் வரை தமக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள்.

வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு அதிகம். நாற்பது வயதுக்கு மேல் பவர் பார்க்கப் போகும்போதெல்லாம் 'பிரஷரும் பாருங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு பாதிக்கப்படுபவர்கள் உண்டு என்பதால், எண் சரியாக இருந்தாலும் நரம்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்நோயில் இன்னொரு வகை மட்டும் சத்தமாக வரும்: கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே தலைவலி, வாந்தி. ஒற்றைத் தலைவலி, பித்தம் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டால் விடிவதற்குள் பார்வை போய்விடலாம். அன்றிரவே மருத்துவமனை.

'புரை முற்றட்டும்'

பெரியவர்களிடம் கண்புரை என்று சொன்னால் 'இன்னும் முத்தல, முத்தட்டும்' என்பார்கள். ஒரு காலத்தில் அது சரியான அறிவுரைதான். அன்று அறுவை சிகிச்சையில் லென்ஸை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, கண்ணுக்குள் எதுவும் வைக்காமல் தைத்து, பிறகு சோடாபாட்டில் அடிப்பாகம் போன்ற +10 கண்ணாடியைக் கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடியில் பார்ப்பதைவிடப் பாதிப் புரையோடு பார்ப்பது மேல். அதனால் காத்திருந்தார்கள்.

1949 நவம்பரில் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். நீண்ட காலம் அது பணக்காரர்களுக்கான பொருளாகவே இருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, 1992-ல் அரோலேப் என்ற பிரிவை ஏற்படுத்தி அந்த லென்ஸை இங்கேயே குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியது. இன்று மிகச் சிறிய துளை வழியே புரையைக் கரைத்து எடுத்து, மடித்த லென்ஸை உள்ளே விரித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தையல் இல்லை, பலர் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள். இந்த முறையில் முற்றிய புரைதான் சிரமம்; கல்லாக இறுகியதைக் கரைக்க அதிக நேரமும் அதிக ஆபத்தும் ஆகும். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சல் ஆகும்போது செய்துகொள்வதே இன்றைய முறை.

இங்கே ஒரு செய்தி. புரையை உறிஞ்சி எடுக்கும் யோசனை புதிதல்ல. மோசுலில் பிறந்து எகிப்தில் மருத்துவம் பார்த்த அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலீ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சும் முறையைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

சொட்டு மருந்தால் புரை கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். அப்படி ஒரு மருந்து இல்லை. இன்னொன்று, எழுபது வயதில் 'அல்ஹம்துலில்லாஹ், இப்போ கண்ணாடி இல்லாமலே குர்ஆன் ஓதுறேன்' என்று பெரியவர் ஒருவர் சொன்னால் மகிழ்வதோடு நிறுத்தாமல் கண்ணைக் காட்டுங்கள். புரை வளரும்போது லென்ஸின் நடுப்பகுதி அடர்ந்து கிட்டப்பார்வையை உண்டாக்கும். வெள்ளெழுத்து சரியானது போலத் தெரியும். சில மாதங்களில் தூரமும் போய்க் கிட்டமும் போய்விடும்.

அறுவைக்குப் பிறகு ஓரிரு வாரங்கள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பார்கள். ஒளு எப்படிச் செய்வது, ஸுஜூதுக்குக் குனியலாமா, நாற்காலியில் தொழுவது எத்தனை நாள் என்ற கேள்விகளை முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் கட்டுப்பாட்டை எழுதிக்கொண்டு போய் உங்கள் பள்ளி இமாமிடம் விளக்கம் பெறுங்கள். 'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று மூன்றாம் நாளே முகம் கழுவுவது பயபக்தி ஆகாது.

நோன்பும் சொட்டு மருந்தும்

ரமளானில் கண் அழுத்த நோயாளிகள் பலர் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதம் நிறுத்தினால் போகும் நரம்பு போனதுதான். கண்ணில் இடும் மருந்து நோன்பை முறிக்காது என்பதே தமிழகத்தில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளின் நிலை. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும், தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், நாளுக்கு இருமுறை போடும் மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலும் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அது தொண்டைக்கு இறங்காது; மருந்தும் கண்ணில் நன்றாகச் சேரும்.

கான்டாக்ட் லென்ஸ் போடும் பெண் பிள்ளைகள் கவனிக்க: குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது. தண்ணீரில் வாழும் ஒரு நுண்ணுயிர் கருவிழியையே புண்ணாக்கிவிடும். ஒளுவில் கண்ணுக்குள் தண்ணீர் விட வேண்டியதில்லை, முகம் கழுவும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். லென்ஸோடு தூங்கவோ குளிக்கவோ கூடாது.

சுர்மா பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹதீஸில் சொல்லப்படும் இத்மித் வேறு, கடையில் அந்தப் பெயரில் விற்பது வேறு. சந்தையில் கிடைக்கும் பல சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதையும் கைக்குழந்தையின் கண்ணில் தீட்ட வேண்டாம்.

பிள்ளைகள்

பிள்ளை சொல்லாது. ஒரு கண் மங்கலாக இருந்தாலும் இன்னொரு கண்ணால் சமாளித்துக்கொள்ளும். அப்படியே விட்டால் மூளை மங்கலான கண்ணைக் கைவிட்டுவிடும். அதுதான் சோம்பேறிக் கண். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து வைத்துப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் மீட்கலாம். பிறகு மிகக் கடினம். எனவே எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்று பேசுவதை விடுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஃபோட்டோ எடுக்கும்போது குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அது கண்ணில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மைனஸ் பவர் கூடிக்கொண்டே போவதற்கு கைபேசி ஒரு காரணம் என்றால், வெயிலையே பார்க்காமல் வளர்வது இன்னொரு காரணம். நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் விளையாடினால் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. அஸருக்குப் பிறகு டியூஷனுக்கு அனுப்புவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துத் தெருவில் விளையாட விடலாம். கண்ணாடி போட்டால் பவர் கூடும், பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடியால் பவர் கூடுவதில்லை.

கடைகளில் 'புளூ கட்' லென்ஸ் போட்டால் கம்ப்யூட்டர் பார்த்துக் கண் வலிக்காது என்று கூடுதல் விலை சொல்வார்கள். 2023-ல் 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அறிக்கை, சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் கண் சோர்வைக் குறைப்பதில் அதனால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்கிறது. அந்தப் பணத்தில் பிள்ளைக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் வாங்கலாம்.

மெடிக்கல் கடை வைத்தியம்

கண் சிவந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போடும் பழக்கம் நம் தெருக்களில் அதிகம். இரண்டு நாளில் சிவப்பு மறையும். அடுத்த முறையும் அதையே வாங்குவோம். லேபிளில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொன்ன நாள் கணக்கில் போட்டால் நல்ல மருந்து. அரிப்புக்காக மாதக்கணக்கில் பிள்ளைக்குப் போட்டால் பத்து வயதிலேயே அழுத்த நோயும் புரையும் வரலாம்.

கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால், அதுவும் வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கிவிட்டால், யாரையும் தேடி ஓடாமல் முதலில் குழாயடியில் கால் மணி நேரமாவது கண்ணைத் திறந்து கழுவ வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் துகள்களையும் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகு மருத்துவமனை. திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது போலவோ, ஓரத்தில் திரை இறங்குவது போலவோ தெரிந்தால் விழித்திரை பிரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் கண்ணாடிக் கடைக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

எங்கே போவது?

திருச்சிக்கு இந்த விஷயத்தில் குறையில்லை. டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் 1934-ல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை இன்றும் நடக்கிறது. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. புரை அறுவை, லென்ஸ் எல்லாம் அங்கே இலவசம். தனியார் கண் மருத்துவமனைகளும் பல இருக்கின்றன. கே.கே. நகரிலிருந்து எதுவும் தூரமில்லை.

நம் வீடுகளில் ஆண்கள் விடுப்பில் வரும்போது தங்கள் கண்ணைப் பார்த்துக்கொள்கிறார்கள். உம்மாவும் மனைவியும் 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடுகிறார்கள். உலக அளவில் பார்வைக் குறையுள்ளவர்களில் 55 சதவீதம் பெண்கள். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவதும், அரிசியில் கல் பொறுக்க ஜன்னலோரம் போவதும் நாற்பதுக்கு மேல் அறிகுறிகள்தான். பெண் பரிசோதகர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே போனில் கேட்டால் தயக்கமில்லாமல் வருவார்கள். ஆப்டோமெட்ரி படிப்பில் பெண்கள் நிறையச் சேர்வதால் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது இன்று சிரமமில்லை.

போகும்போது பழைய கண்ணாடி, பழைய சீட்டு, கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, அரசு மருத்துவமனை என்றால் ஆதாரும் குடும்ப அட்டையும் எடுத்துப் போங்கள். திரும்பும்போது பவர் எழுதிய சீட்டைக் கையில் வாங்காமல் வராதீர்கள். கண்ணாடியை அதே கடையில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை, சீட்டு உங்களுடையது. இரண்டு கண்ணின் பவர், சிலிண்டர், அதன் கோணம், வாசிப்புக்கான கூடுதல் பவர், கண்மணிகளுக்கு இடையிலான தூரம், கண்ணாடியோடு எவ்வளவு தெரிகிறது, பிரஷர் எவ்வளவு, விழித்திரை பார்த்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதை அப்படியே கைபேசியில் ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுமத்தில் போட்டு வைத்தால், அடுத்த ஆண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ கண்ணாடி உடைந்தாலும் தேட வேண்டியிருக்காது.